பல ஆண்டெனாத் தகவல்தொடர்பில் திறன் பெருக்கம்: கடைமடை நோக்கில் ஓர் ஆய்வு

முன்னுரை

அறிவியல் தமிழ் வளரவேண்டும் என்னும் குரல் மேடைதோறும் ஒலிக்கின்றது. நாள்தோறும் நம் கையில் தவழும் கருவி எவ்வாறு இயங்குகின்றது என்பதை ஒருவர் மற்றொருவர்க்குத் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல இயலும்பொழுதே அக்குரல் பொருளுடையதாகும். அந்நோக்குடன், கம்பியில்லாத் தகவல்தொடர்பில் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்டெனாக்களைப் பயன்படுத்தும் முறையும், அம்முறையின் செயல்திறனைப் பெருக்கும் வழிகளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. பெருகிய அத்திறன், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கே அமைந்த ராயகிரி போன்ற ஊர்களுக்கு எவ்வளவு வந்து சேர்கின்றது என்பதும் உடன் ஆராயப்படுகின்றது.

சொல் குறித்து ஒரு விளக்கம் முதற்கண் தேவை. ஆண்டெனாவைத் தமிழில் 'அலைவாங்கி' என வழங்குவதுண்டு. வானொலிப் பெட்டியைப் பொறுத்தவரை அச்சொல் பொருந்தும். அங்கே அது அலையை வாங்க மட்டுமே செய்கின்றது. கைப்பேசியின் ஆண்டெனாவோ வாங்குவதோடு வழங்கவும் செய்கின்றது. 'வாங்கி' என்றால் பாதிப்பணியே பெறப்படும். ஆதலின் மக்கள் வழக்கிலுள்ள 'ஆண்டெனா' என்னும் சொல்லே இக்கட்டுரையில் ஆளப்படுகின்றது.

அலைவரிசையின் எல்லை

கம்பியில்லாத் தொடர்புக்கு அடிப்படைச் செல்வம் அலைவரிசை. நிலத்தைப் போலவே அதுவும் அளவுடையது. பயன்படுத்துவோர் பெருகினாலும் அது பெருகுவதில்லை. அரசு ஏலத்தில் விடும் அலைவரிசைத் துண்டுகளைப் பெரும்பொருள் கொடுத்து நிறுவனங்கள் பெறுகின்றன. எனவே பெற்ற துண்டில் எவ்வளவு செய்தியை அனுப்ப முடிகின்றது என்பதே செயல்திறனின் முதல் அளவுகோல். ஒரு ஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு வினாடிக்கு எத்தனை பிட் செல்கின்றது என்று அதனைக் கணக்கிடுவர்.

ஆற்றலைக் கூட்டி உரக்க அனுப்பினால் மிகுதியான செய்தி செல்லாதோ எனின், செல்லும். ஆயின் மிகக் குறைவாகவே கூடும். 1948ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர் கிளாடு ஷானன் வகுத்த சூத்திரம் இதனைத் தெளிவாக்கிற்று. சமிக்ஞையின் ஆற்றல் இரைச்சலின் ஆற்றலைப் போல் 15 மடங்கு இருப்பின், ஒரு ஹெர்ட்ஸுக்கு வினாடிக்கு 4 பிட் அனுப்பலாம். 5 பிட் வேண்டுமாயின் 31 மடங்கும், 8 பிட் வேண்டுமாயின் 255 மடங்கும் வேண்டும். பயனை இரட்டிப்பாக்க ஆற்றலைப் பதினேழு மடங்காக்க வேண்டியுள்ளது என்பது இதனால் பெறப்படும்.

இதில் மற்றோர் இடரும் உண்டு. குற்றாலத்துப் பேரருவியின் அருகே நின்று உரையாடுவோரை எண்ணிப் பார்க்கலாம். அருவியின் ஓசையை வெல்ல ஒருவர் உரக்கப் பேசுகிறார். அவர் குரல் அடுத்திருப்போர்க்கு இரைச்சலாகின்றது. அவர்களும் குரலை உயர்த்துகின்றனர். முடிவில் அனைவரும் கத்துகின்றனர். எவர் சொல்லும் எவர்க்கும் கேட்பதில்லை. ஒரு கோபுரத்தின் உரத்த அலை அடுத்த கோபுரத்தின் எல்லைக்குள் இரைச்சலாகப் புகுவதும் இத்தகையதே. ஆகவே உரக்கச் சொல்வதைவிட வேறு வழி காணவேண்டியதாயிற்று.

எதிரொலியும் மங்கலும்

கோபுரத்திலிருந்து புறப்படும் அலை நேர்வழியில் மட்டும் கைப்பேசியை அடைவதில்லை. சுவர்களிலும் பாறைகளிலும் மலைச்சரிவிலும் பட்டுத் திரும்பிப் பல வழிகளில் வந்து சேர்கின்றது. ஒளி திரும்பும் இயல்பை ஆழ்ந்து ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் ஆவார். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாளிர்' என்னும் ஒளியியல் நூலில் ஒரு வினா எழுப்பப்பட்டது. ஓரிடத்திலிருந்து புறப்படும் ஒளி, வளைந்த ஆடியில் எந்தப் புள்ளியில் பட்டுத் திரும்பினால் காண்பவர் கண்ணை வந்தடையும் என்பதே அவ்வினா. இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகின்றது. கோபுரத்து அலை எவ்வெவ்விடங்களில் பட்டுக் கைப்பேசியை அடையும் என இன்றைய பொறியாளர் கணக்கிடுவதும் அவ்வினாவின் தொடர்ச்சியே எனலாம். ஒளியும் வானொலி அலையும் ஓரினத்தவை அல்லவா?

இவ்வாறு பல வழிகளில் வரும் அலைகள் சேருமிடத்து ஒன்றையொன்று வலுப்படுத்தலாம், அழிக்கவும் செய்யலாம். ஒரு வழி மற்றதைவிட அரை அலைநீளம் மிகுமாயின், ஓரலையின் முகடு மற்றோரலையின் பள்ளத்தில் விழுந்து இரண்டும் மறையும். 3.5 கிகா ஹெர்ட்ஸில் அலைநீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர், அதில் பாதி 4.3 சென்டிமீட்டர். கைப்பேசியை ஒரு சாண் நகர்த்தினாலே பேச்சு தெளிவதும் அறுபடுவதும் இதனால்தான். இம்மங்கலைப் பொறியாளர் நெடுங்காலம் ஒரு நோய் எனவே கருதினர்.

முதலில் கண்ட மருந்து, இரண்டு ஆண்டெனாக்களைத் தள்ளி வைப்பது. ஓரிடத்தில் அலை மங்குவதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உளதெனக் கொள்வோம். இரண்டும் ஒன்றையொன்று சாராதிருப்பின், ஒரே நேரத்தில் இரண்டும் மங்குவதற்கு நூறில் ஒரு வாய்ப்பே உண்டு. ஒன்று தவறினும் மற்றது காக்கும். இது நோயினின்று தப்பும் வழி. அந்நோயையே மருந்தாக்கிய சிந்தனை பின்னரே தோன்றிற்று.

இரு சமன்பாடுகள்

சமன்பாடுகளைத் தீர்ப்பதைத் தனிக்கலையாக வகுத்த அல்குவாரிஸ்மியின் நூற்பெயரிலிருந்தே 'அல்ஜீப்ரா' என்னும் சொல் பிறந்தது. அக்கலையில் பள்ளி மாணவர் கற்கும் ஒரு பாடமே பல ஆண்டெனா முறையை விளக்கப் போதுமானது.

கோபுரத்தில் இரண்டு ஆண்டெனாக்கள். கைப்பேசியில் இரண்டு ஆண்டெனாக்கள். கோபுரத்தின் முதல் ஆண்டெனா 3 என்னும் எண்ணையும், இரண்டாவது 5 என்னும் எண்ணையும் ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் அனுப்புகின்றன. அவை வழியிற் கலந்தே வந்து சேரும். அனுப்பிய எண்களைக் கைப்பேசி அறியாது. அவற்றை க, ச எனக் குறிப்போம். கைப்பேசியின் முதல் ஆண்டெனாவில் க இருமடங்கும் ச ஒருமடங்கும் கலந்து 11 என விழுகின்றது. இரண்டாவதில் க ஒருமடங்கும் ச மும்மடங்கும் கலந்து 18 என விழுகின்றது. கலக்கும் விகிதம் தெரிந்தால் இரு சமன்பாடுகளையும் தீர்த்து, க என்பது 3, ச என்பது 5 எனப் பிரித்துவிடலாம். ஒருவர் செல்லும் அகலத்தில் இருவர் சென்றுவிட்டனர்! அலைவரிசையும் கூடவில்லை, மொத்த ஆற்றலும் கூடவில்லை. முற்கூறிய 15 மடங்கு ஆற்றலிலேயே, வழிகள் முற்றும் வேறுபட்டு அமையுமாயின், இரண்டிரண்டு ஆண்டெனாக்களால் 4 பிட் 8 பிட் ஆகும்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. இரண்டாவது ஆண்டெனாவிலும் அதே விகிதக் கலவை விழுந்தால், அதாவது க நான்கு மடங்கும் ச இருமடங்கும் சேர்ந்து 22 என வந்தால், அது முதற்சமன்பாட்டையே இருமடங்காக்கியது. புதுச்செய்தி எதுவும் அதில் இல்லை. முற்றிலும் ஒன்றாகாமல் நெருங்கியிருந்தாலும் இடரே. இரண்டாவதில் க இருமடங்கும் ச 1.1 மடங்கும் கலந்து 11.5 என வரவேண்டியவிடத்து, சிறு இரைச்சலால் 11.6 என விழுந்தால், ச என்பது 5 என்பதற்கு மாறாக 6 எனத் தவறாகத் தோன்றும். முதற்கூறிய கலவையிலோ, 18 என்பது 18.1 ஆனாலும் ச 5.04 என்றே வரும். பிழை மிகச் சிறிது.

ஆகவே வழிகள் ஒன்றினின்று ஒன்று வேறுபட்டிருப்பதே இம்முறையின் உயிர்நாடி. அவ்வேறுபாட்டை நல்குபவை சுவரும் பாறையும் மலையுமே. எதிரொலி இல்லாத வெட்டவெளியில், நேரெதிரே நிற்கும் கோபுரத்திலிருந்து வரும் அலைகள் ஏறத்தாழ ஒரே கலவையாக விழுகின்றன. அங்கே இம்முறையின் பயன் குறைகின்றது. பகை எனக் கருதப்பட்ட எதிரொலி துணையானது இவ்வாறே.

பொள்ளாச்சி தந்த அறிஞர்

இச்சிந்தனையின் முன்னோடிகளுள் தலைசிறந்தவர் தமிழகத்தில் பிறந்தவர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. 1944ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், பதின்ம வயதிலேயே தேசியப் பாதுகாப்புப் பயிற்சிக் கழகத்திற் சேர்ந்து இந்தியக் கடற்படை அதிகாரியானார். டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டத்திற்கு ஆய்வு செய்தார். 1971ஆம் ஆண்டுப் போரில் 'குக்ரி' என்னும் போர்க்கப்பல் நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. அதன்பின், நீருக்கடியில் ஒலியால் எதிரியைக் கண்டறியும் சோனார்க் கருவியை மேம்படுத்தும் பணி அவரிடம் வந்தது. பின்னர் 'ஆப்சோ' என்னும் சோனாரை நம் நாட்டிலேயே உருவாக்கிய குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். 1983ஆம் ஆண்டளவில் அது கடற்படையில் இடம்பெற்றது.

சோனாரில் ஒலியுணர்விகள் பல வரிசையாக அமைந்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒலி வந்து விழும் கால வேறுபாட்டைக் கொண்டு அது வந்த திசை அறியப்படும். கடலடியிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகளுக்கிடையே உண்மை ஒலியைப் பிரித்தறிவதே அங்கே சிக்கல். கடல்நீரில் கற்ற இக்கல்வி பின்னர் வான்வெளிக்கும் உதவிற்று. கடற்படையிலிருந்து ஓய்வுபெற்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திற் பணியேற்றபின், ஒரே அலைவரிசையில் வரும் சமிக்ஞைகளைப் பிரிக்கும் ஆய்வில் அவர் ஈடுபட்டார். எதிரொலிகள் மிகுந்த சூழல் அப்பிரிப்புக்கு உதவுவதை உணர்ந்தார். பேராசிரியர் தாமஸ் கைலாத்துடன் இணைந்து 1992ஆம் ஆண்டு அவர் விண்ணப்பித்த காப்புரிமை 1994ஆம் ஆண்டு வழங்கப்பட்டது.

இத்துறையில் உழைத்தோர் பலர். 1980களில் ஜாக் வின்டர்ஸும், 1990களின் நடுவில் ஜெரார்டு ஃபோஷினி, எம்ரே தெலதார் ஆகியோரும் கணித அடிப்படைகளை வலுப்படுத்தினர். 2009ஆம் ஆண்டு வெளியான ஒய்-ஃபை தரநிலையிலும், அதனைச் சூழ்ந்து வந்த நான்காம் தலைமுறைக் கைப்பேசி முறையிலும், இன்றைய ஐந்தாம் தலைமுறையிலும் 'மைமோ' எனப்படும் இம்முறை இன்றியமையாத உறுப்பாயிற்று. பால்ராஜுக்கு 2010ஆம் ஆண்டு பத்ம பூஷண் விருதும், 2014ஆம் ஆண்டு மார்க்கோனி பரிசும் வழங்கப்பெற்றன.

திறனைப் பெருக்கும் வழிகள்

ஆண்டெனாக்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பயன் விளையாது. அவற்றை ஆளும் முறையிலேயே செயல்திறன் அடங்கியுள்ளது. அம்முறைகளுள் முதன்மையானவை நான்கு.

முதலாவது, வழியறிதல். கலவையின் விகிதம் தெரிந்தாலன்றிச் சமன்பாடு தீராது. அதனை அறிய, இருபுறமும் முன்பே அறிந்த மாதிரிச் சமிக்ஞை ஒன்று அடிக்கடி அனுப்பப்படும். அது செல்லும் நேரத்தில் உண்மைச் செய்தி செல்ல இயலாது. கோபுரத்தில் 64 ஆண்டெனாக்கள் இருப்பின், ஒவ்வொன்றும் தனித்தனியே மாதிரி அனுப்புவது பெரும் வீண்செலவாகும். ஆதலின் கைப்பேசியே மாதிரியை அனுப்ப, 64 ஆண்டெனாக்களும் ஒருசேர அதனைக் கேட்டு வழியை அறிகின்றன. போகவும் வரவும் ஒரே அலைவரிசை பயன்படும்பொழுது, சென்ற வழியே திரும்பும் வழியுமாகும் என்பதே இதற்கு அடிப்படை.

இரண்டாவது, குவித்தல். எல்லாத் திசைகளிலும் அலையைச் சிதறவிடாமல், 64 ஆண்டெனாக்களின் அலைகளும் ஒருவர் இருக்குமிடத்தில் முகட்டோடு முகடு சேருமாறு அனுப்பினால், அதே மொத்த ஆற்றலில் அவ்விடத்தில் 64 மடங்கு வரை செறிவு கிட்டும். பிறர்க்கு இரைச்சலும் குறையும். அருவிக்கரையில் கத்தாமல், கேட்க வேண்டியவர் செவியருகே சென்று சொல்வது போன்றது இது.

மூன்றாவது, தக்கவாறு பகிர்தல். பல வழிகளிற் சில நல்லன, சில நலிந்தன. ஆற்றலை எவ்வாறு பகிர்வது? இதற்குப் பொறியாளர் கூறும் விதி 'நீர் நிரப்புதல்' எனப்படும். மேடுபள்ளமான குளத்தில் நீர் விட்டால் பள்ளத்தில் ஆழமாக நிற்கும். மேட்டில் குறைவாக நிற்கும். மிக உயர்ந்த திட்டில் நீரே ஏறாது. அதுபோல இரைச்சல் குறைந்த வழிக்கு மிகுதியும், மிகுந்த வழிக்குக் குறைவுமாக ஆற்றலை அளித்தால் மொத்தச் செய்தி பெருகும். வழிகள் ஒன்றோடொன்று நெருங்கிவிட்டால், இரு செய்திகளை அனுப்பாமல் ஒன்றையே உறுதியாக அனுப்புவதும் இதன்பாற்படும்.

நான்காவது, ஓய்வளித்தல். ஆண்டெனா ஒவ்வொன்றின் பின்னும் ஒரு மின்சுற்று உண்டு. செய்தி இல்லாதபொழுதும் அது மின்சாரத்தை உண்ணும். நள்ளிரவில் பயன்படுத்துவோர் குறையும்போது சில சுற்றுகளை உறங்கச் செய்வது மின்செலவைக் குறைக்கும். மின்தடை நேரத்தில் மின்கலத்தையும் டீசல் ஜெனரேட்டரையும் நம்பி நிற்கும் ஊரகக் கோபுரங்களுக்கு இஃது இன்றியமையாதது.

மலையடி ஊர்களும் கடைமடையும்

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தைச் சேர்ந்த ராயகிரிக்கு மேற்கே தொடர்ச்சி மலை எழுந்து நிற்கின்றது. கிழக்கே வெளி விரிந்து கிடக்கின்றது. எதிரொலி துணையாகும் எனில், மலையருகே உள்ள ஊர்க்கு இணைப்பு மிகச் சிறப்பாக அமையவேண்டும் அன்றோ? அமைவதும் உண்டு; ஆயின் அதற்கும் எல்லை உண்டு. நான்காம் தலைமுறை முறையில், தாமதமாக வரும் எதிரொலியை ஏற்க, ஒவ்வொரு செய்தித் துண்டின் முன்னும் வழக்கமாக 4.7 மைக்ரோ வினாடி இடைவெளி விடப்படுகின்றது. அந்நேரத்தில் அலை கடக்கும் தொலைவு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர். எதிரொலியின் சுற்றுவழி நேர்வழியைவிட அத்தொலைவுக்குள் மிகுந்திருந்தால் துணை. அதனைக் கடந்தால் அடுத்த துண்டின்மேல் விழுந்து இரைச்சலாகும். ஊர்ச்சுவர்களும் அருகிலுள்ள பாறைகளும் தரும் எதிரொலி உதவும். மூன்று கிலோமீட்டர் அப்பாலுள்ள மலைமுகத்தில் பட்டுத் திரும்புவது இடர் செய்யலாம். கோபுரத்தை எங்கே நிறுத்துவது, ஆண்டெனாவை எத்திசையில் சாய்ப்பது என்பவற்றை மலையறிந்து முடிவு செய்யவேண்டும் என்பது இதன் பொருள்.

இனி, திறனை அளக்கும் முறைக்கு வருவோம். மொத்தச் செய்தியைப் பெருக்குவதே குறிக்கோள் எனின், கோபுரத்தின் அருகே இருப்பவர்க்கே எந்நேரமும் அனுப்புவது எளிய வழி. மொத்தக் கணக்கு மிக உயரும். எல்லையில் இருப்பவர்க்கோ எதுவும் கிட்டாது. குளத்துப் பாசனத்தை அறிந்த நமக்கு இது புதிதன்று. தலைமடை வயல்கள் நிரம்பி வழிய, கடைமடை வயல்கள் வாடுவதைக் கண்டிருக்கிறோம். குளத்தில் எவ்வளவு நீர் நின்றது என்பது ஒரு கணக்கு. கடைமடையில் பயிர் பிழைத்ததா என்பது மற்றொரு கணக்கு.

பொறியாளரும் இவ்விரு கணக்குகளையும் அறிவர். 2017ஆம் ஆண்டு பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஐந்தாம் தலைமுறைக்கு வகுத்த குறைந்தபட்சத் தேவைகளில், கோபுரத்திலிருந்து பயனாளரை நோக்கிச் செல்லும் திசைக்குச் சராசரித் திறன், கடைநிலை ஐந்து விழுக்காட்டுப் பயனாளரின் திறன் என இரண்டும் தனித்தனியே குறிக்கப்பட்டன. நெருக்கமான நகர்ப்பகுதிக்குச் சராசரி 7.8 பிட் எனவும், கடைநிலைக்கு 0.225 பிட் எனவும் குறித்த அவ்வாவணம், ஊரகத்திற்கு 3.3 எனவும் 0.12 எனவும் குறித்தது. ஊரகத்தில் கோபுரங்களுக்கிடையே தொலைவு மிகுதி என்பது உண்மையே. எனினும், நகரத்திற் கேட்பதில் ஏறத்தாழப் பாதியே ஊரகத்திற் கேட்கப்படுகின்றது என்பதை நாம் உணரவேண்டும். கேட்கும் அளவே குறைந்தால் கிடைக்கும் அளவு எவ்வாறு மிகும்?

தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவே நடுநிலை காணும் முறையும் உண்டு. ஒருவர்க்கு இப்பொழுது எவ்வளவு வேகத்தில் அனுப்ப இயலும் என்பதை, இதுவரை அவர் சராசரியாகப் பெற்ற வேகத்தால் வகுத்து, ஈவு மிகுந்தவர்க்கு முதலில் அனுப்புவர். நெடுநேரம் பெறாதிருந்தவரின் ஈவு தானே உயர்ந்து அவர்முறை வந்துவிடும். நேர்மையான நீர்பாய்ச்சி மடையைத் திறந்தடைக்கும் முறைக்கு இது நிகரானது. ஆண்டெனாக்களின் குவிக்கும் ஆற்றலை எல்லையிலிருப்பவர் பக்கம் திருப்புவதும் இதனோடு சேருமாயின், அறிவியலும் அறமும் ஒருங்கே நிறைவேறும்.

இதன் இன்றியமையாமையை 2020ஆம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று. பெருந்தொற்றால் பள்ளிகளும் கல்லூரிகளும் மூடப்பட, பாடம் கைப்பேசி வழியாக நடந்தது. அலை கிட்டிய வீட்டுப் பிள்ளை கற்றது. கிட்டாத வீட்டுப் பிள்ளை மொட்டைமாடியையும் மரத்தடியையும் நாடி அலைந்தது. நாட்டில் நான்காம் தலைமுறை இணைப்பே எட்டாத 24,680 ஊர்களுக்கு அதனைக் கொண்டுசெல்லும் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை 2022ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஐந்தாம் தலைமுறைச் சேவை தொடங்கப்பெற்றது. கடைமடையும் தலைமடையும் ஒரே ஆண்டில் வெளிப்பட்டமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆற்றலைக் கூட்டுவதைவிட வழிகளின் வேறுபாட்டைப் பயன்கொள்வதே பல ஆண்டெனா முறையின் சிறப்பு என்பதும், வழியறிதல், குவித்தல், பகிர்தல், ஓய்வளித்தல் ஆகிய நான்கால் அதன் திறன் பெருகும் என்பதும், அத்திறனைக் கடைமடையில் நின்றே அளக்கவேண்டும் என்பதும் பெறப்பட்டன.

மாணவச் செல்வங்கள் இதில் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் அலையின் வலிமை எதிர்மறை எண்ணாகக் காட்டப்படும். நான்காம் தலைமுறையில் 80க்கு அருகே எனின் நன்று. 110ஐக் கடந்தால் நலிவு. இயற்பியல் மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து, தத்தம் ஊரின் தெருதோறும் வெவ்வேறு பொழுதுகளில் அவ்வெண்ணைக் குறித்து ஒரு வரைபடம் ஆக்கலாம். வேகத்தை அளந்து ஒழுங்குமுறை ஆணையத்திற்கே அனுப்ப 'மைஸ்பீடு' என்னும் செயலி உள்ளது. சேவை எட்டும் இடங்களின் வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று அவ்வாணையம் 2024ஆம் ஆண்டு விதி வகுத்துள்ளது. நிறுவனத்தின் வரைபடத்தையும் மாணவரின் வரைபடத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் குறை எங்குள்ளது என்பது புலனாகும். தெளிந்த தமிழில் எழுதிய விண்ணப்பத்தோடு அதனை ஊர்ப் பெரியவர்கள் வழியாக உரியவர்களிடம் சேர்க்கலாம். அறிவியல் தமிழுக்கு அதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை.

கற்ற கல்வி கடைமடைக்கும் பாய இறைவன் அருள்புரிவானாக!